வலைக்கம்பிக்குப் பின்னால்

அத்தியாயம் 17

திங்கட்கிழமை பின்னேரத்துக்குள் அந்தக் கம்பி வலை காரில் பூட்டப்படாவிட்டால் அல்பேட்டுக்கு வேலை இல்லை.

நாய்க் கொட்டகை முதலாளி விரலை நீட்டிச் சொன்ன அந்த இடத்தில்தான் சென்ற கிழமை அல்பேட்டை விட்டுவிட்டு வந்தோம். பின்னேரங்களில் காவல் நாய்களைக் காரில் ஏற்றி, இந்தக் கனடா நகரத்தின் லாசால் பகுதியிலுள்ள பண்டகசாலைகளில் கொண்டுபோய் விட வேண்டும். விடிந்ததும் திரும்ப ஏற்றி வர வேண்டும். முன்பு இந்த வேலையைச் செய்தவன் வலை போடாமல் கார் ஓட்டினான். ஒரு சிவப்பு விளக்கில் திடீரென்று பிரேக்கை மிதித்தான். பின்னால் நின்ற நாய் இருக்கையைத் தாண்டி முன்னால் வந்து விழுந்தது. பயந்துபோன நாய் பிடித்தது அவனுடைய பிடரியை.

"கம்பி இல்லாட்டி நாயும் இல்ல, வேலையும் இல்ல" என்று வீட்டுக்கு வந்து சொன்னான் அல்பேட்.

கம்பி கிடைத்துவிட்டது. பழைய கார்களை உடைத்து விற்கும் வளவொன்றில், பனிக்குள் பாதி புதைந்து கிடந்ததை இழுத்தெடுத்து வந்திருந்தான். கறுப்பு இரும்புச் சட்டம். நடுவில் விரல் நுழையக்கூடிய வலை. வேறு ஏதோ காருக்குச் செய்தது. பின்பக்கம் சாமான் ஏற்ற நீண்ட இடமுள்ள அவனுடைய பழைய ஸ்ரேஷன் வாகனுக்கு நாலு விரற்கடை அகலம் கூட.

அதனால்தான் இன்று சனிக்கிழமை அரியரத்தினம் வந்திருக்கிறான்.

அரியரத்தினம் யாரென்று மறந்தவர்களுக்கு: அல்பேட்டின் தங்கை மாக்கிரட்டை இன்னும் பதினைந்து நாளில் கைப்பிடிக்கப்போகிறவன். திருகோணமலைப் பொடியன்; வீட்டில் கூப்பிடுவது அரியம். டோர்வலில் ஒரு கராஜில் வேலை. கோட்-டெ-நெய்ஜ்ஜில் ஆறு பேரோடு ஓர் அறையில் படுக்கை. எட்டு மாதத்துக்கு முன்னர், மாதா கோயில் நிலவறையில், குளிர்காலம் முடிந்து மிஞ்சிய குளிர்ச்சட்டைகளைக் கொடுத்த வரிசையில் மாக்கிரட்டைக் கண்டான். இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டை கிடைத்தது. அங்கே தொடங்கிய கதை.

அவன் சைவம். இவர்கள் மட்டக்களப்புக் கத்தோலிக்கர். அவனாகவே ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்றான். அடுத்த ஞாயிறு அதற்கு நாள். ஞானத்தாயாக நிற்கப்போகிறவள் அல்பேட்டின் மனைவி அக்னெஸ். ஆறு கிழமையாகக் குசினி மேசையில் வைத்து அவனுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

நல்ல மாணவன். ஒன்றை மட்டும் மூன்று தரம் கேட்டான்.

"அக்கா, தலையில தண்ணி ஊத்தினா, அதுக்கு முதல் செய்ததெல்லாம் போயிடுமோ?"

"எல்லாம் போயிடும் தம்பி. அதுக்குத்தானே ஊத்திற."

கேட்கும்போதும் மேசையைப் பார்த்துத்தான் கேட்பான். இந்த எட்டு மாதத்தில் அவன் அக்னெஸின் முகத்தைப் பார்த்துக் கதைத்ததே இல்லை. மரியாதை தெரிந்த பிள்ளை என்று அல்பேட்டுக்குப் பெருமை.

அக்னெஸ் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவளுடைய மனதில் இருந்தது வேறொரு தம்பி. ஸ்ரான்லி. கூடப் பிறந்த ஒரே தம்பி. ஒன்றரை வருடத்துக்கு முன்னர் மட்டக்களப்பில் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் போனவன். இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை ஒரு தகவலும் கிடையாது. ஊரில் தாய் இன்னமும் ஒவ்வொரு திங்களும் ஒரு பார்சல் சோற்றோடு முகாம் வாசலுக்குப் போகிறாள். வாசலில் நிற்பவன் பார்சலை வாங்கிக்கொள்கிறானாம். வாங்குகிறபடியால் பிள்ளை உள்ளே இருக்கிறான் என்று அவள் கடிதம் எழுதுகிறாள்.

சரி. இனிச் சனிக்கிழமைக்கு வருவோம்.

*

கட்டடத்தின் பின்பக்கத்து ஒழுங்கையில் கார் நின்றது. குளிர் பூச்சியத்துக்கு இருபத்திரண்டு கீழே. மாடிகளின் பின்படிகளில் பனி இறுகிக் கண்ணாடியாகியிருந்தது. காற்று ஒழுங்கையின் ஒரு முனையால் நுழைந்து மறு முனையால் போகும்போது தரையிலிருந்த பனியையும் அள்ளிக்கொண்டு போனது.

அரியம் வலையின் இரண்டு ஓரத்தையும் ஏற்கெனவே வாளால் அரிந்து, அரத்தால் தேய்த்திருந்தான். பின் இருக்கையின் முதுகுக்கு நேர் பின்னால் தூக்கி நிறுத்தினார்கள். சரியாக உட்கார்ந்தது.

"இனி ஆறு போல்ட்" என்றான் அரியம். "கீழ ரெண்டு, பக்கத்தில ரெண்டு, மேல ரெண்டு. நட் சீற் பக்கம் வரவேணும் மச்சான். முனை நாயின்ர பக்கம் நீட்டிக்கொண்டு நிண்டா அதின்ர முகத்தைக் கிழிச்சுப்போடும்."

"நாயிட முகத்துக்கு இவ்வளவு கவலைப்படுறாய். என்ட பிடரிக்கு ஆர் கவலைப்படுற?"

"அதுக்குத்தானே வலை."

ஒருவன் சீற்றில் முழங்காலில் நின்று நட்டை இறுக்க வேண்டும். மற்றவன் நாய் நிற்கும் பக்கத்தில் இருந்து போல்டின் தலையைத் திருப்புளியால் பிடிக்க வேண்டும். அரியம் மெலிந்தவன். பின்கதவால் ஏறி உள்ளே குந்தினான்.

இரண்டு போல்ட் இறுக்குவதற்குள் காற்று பனியை வாரி உள்ளே கொட்டியது. அல்பேட் இறங்கிப் போய்ப் பின்கதவில் கை வைத்தான்.

"அடைக்கத்தான் வேணுமோ மச்சான்?" என்றான் அரியம்.

"அடைக்காட்டி ரெண்டு பேரும் இஞ்சயே கட்டியாகிப் போயிடுவம். என்ன, உனக்கு இருட்டுக்குப் பயமா?"

"இல்லை. சும்மா கேட்டன்."

கதவு விழுந்தது. பழைய அமெரிக்க வண்டி. அந்தக் கதவுக்குச் சாவித்துவாரம் வெளியில் மட்டும்தான். பின் கண்ணாடியில் ஒரு விரல் தடிப்புக்குப் பனி உறைந்திருந்ததால் உள்ளே மங்கலாகிவிட்டது.

அல்பேட் திரும்பிச் சீற்றில் ஏறி வலைக்கு இந்தப் பக்கம் குந்தினான். அரியத்தின் காதுகள் சிவந்து போயிருந்தன. அவன் எப்போதும் காதை மட்டும் மூடுகிற பட்டி ஒன்றைத்தான் போடுவான். இன்று அதையும் மறந்து வந்திருந்தான். மற்றப் பொடியன்கள் எல்லோரும் முகம் முழுக்க மூடுகிற கம்பளித் தொப்பி போட்டுத் திரிகிற இந்த ஊரில் அவன் ஒருத்தன்தான் அதைத் தொடாதவன்.

அல்பேட் தன் தொப்பியைக் கழற்றி, மேல் இடைவெளியால் நீட்டினான்.

"இதப் போடு."

"வேண்டாம் மச்சான். மூச்சு முட்டும்."

"காது கழண்டு விழுந்தா உன்னைக் கட்டமாட்டன் எண்டு மாக்கிரட் சொல்லிப்போட்டாள். போடு."

அரியம் அந்தத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு போட்டான். கழுத்துவரை இறங்கியது. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை.

மூன்றாவது போல்ட். நாலாவது. அரியம் உள்ளிருந்து இரண்டு கையாலும் வலையைப் பிடித்து உலுக்கிப் பார்த்தான். அசையவில்லை.

மேலே உள்ள இரண்டுக்கும்தான் சிக்கல் வந்தது. சட்டத்தைச் சரிக்கட்ட வைத்த மரக்கட்டை தடிப்பு. கையிலிருந்த போல்ட் நீளம் போதவில்லை.

அல்பேட் மணிக்கூட்டைப் பார்த்தான். பன்னிரண்டு நாற்பது. மூலைக் கடைக்காரன் சனியில் ஒரு மணிக்குப் பூட்டிவிடுவான்.

"இரு மச்சான், ஓடிட்டு வாறன்."

அந்த நேரம் பார்த்து அக்னெஸ் பின்படிகளில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள். மறு கையில் தேத்தண்ணிப் போத்தல்.

"எங்க போறீங்க?"

"நீட்டுப் போல்ட் வாங்க. அந்தக் கிழவனுக்கு இங்கிலீசும் தெரியா. இதக் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் நீட்டா எண்டு கையால இழுத்துக் காட்டவேணும்." சாவிக் கொத்தை அவளிடம் எறிந்தான். "பின்கதவத் திறந்து ஆளுக்குத் தேத்தண்ணி குடு. பெட்டிக்க வச்ச மீன் மாதிரி விறைச்சுப்போய் இருக்கான்."

ஓடிவிட்டான். அவனுடைய சப்பாத்துச் சத்தம் ஒழுங்கை முடிவில் திரும்பி மறைந்தது.

*

பக்கத்துக் கதவு திறந்தபடி கிடந்தது. போத்தலை வைப்பதற்காக அக்னெஸ் உள்ளே குனிந்தாள். குனிந்தவள் நிமிர்ந்து வலைக்குள் பார்த்தாள்.

"தம்பி, திறக்கட்டா? நல்லா விறைச்சுப் போனீங்களா?"

உள்ளே மங்கல். கறுப்பு வலை. வலைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தலை. இரண்டு ஓட்டை. ஓட்டைக்குள் இரண்டு கண்.

அந்தத் தலை, ஆம் என்று அசைந்தது.

நாடி முதலில் இடது தோளுக்குச் சரிந்தது. சரிந்த இடத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு கீழே இறங்கியது. ஒரே ஒரு தரம்.

போத்தல் அக்னெஸின் கையிலிருந்து நழுவிக் கார்ப் படியில் மோதிப் பனியில் விழுந்தது. அவள் குனியவில்லை.

அந்தத் தலையசைப்பு அவளுக்குத் தெரியும். ஒரே காலையில் பதினொரு தரம் பார்த்திருக்கிறாள்.

எண்பத்தைந்து ஆடி மாதம். பாடசாலை மைதானம். சீருடைக்காரர்கள் விடியவே ஊரை வளைத்து, பதினாறிலிருந்து நாற்பது வயதுவரை ஆண்கள் அத்தனை பேரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வரிசையின் முடிவில் ஒரு வண்டி. வண்டிக்குள், வலை அடித்த யன்னலுக்குப் பின்னால், சாக்கால் தலை மூடிய ஒருவன். தலையாட்டி. அவனுக்கு முன்னால் ஒவ்வொருவராகப் போய் நிற்க வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் லொறி.

பெண்கள் அடையாள அட்டைகளோடு மதிலோரம் நின்றார்கள். ஸ்ரான்லி அவளைக் கடந்து போகும்போது அவனுடைய கால் நடுங்கியதை அவள் கண்டாள். கனடாவிலிருந்து அல்பேட் அனுப்பிய, நெஞ்சில் சிவப்பு இலை போட்ட சட்டை அவனில். பத்தொன்பது வயது.

"தலையக் குனியாத" என்று அவனுடைய காதுக்குள் சொன்னாள். "கள்ளன் மாதிரி நிக்காத. நேரே பார்."

அவன் போய் நின்றான். அவள் வண்டியையே பார்த்தாள். சாக்கிலிருந்த இரண்டு ஓட்டைகளும் ஸ்ரான்லியின் முகத்தில் நின்றன. பிறகு நாடி இடது தோளுக்குச் சரிந்தது. ஒரு கணம் நின்றது. இறங்கியது.

*

அக்னெஸ் காருக்குள் ஏறினாள். சீற்றில் முழங்காலில் நின்றாள். கதவை இழுத்துச் சாத்தினாள்.

இருவருடைய மூச்சும் வலையின் இரண்டு பக்கமும் புகையாக நின்றது.

"என்னக்கா, பின்கதவு இறுகிப்போச்சோ?" என்றான் அரியம்.

"நீங்க மட்டக்களப்புக்கு ஒரு நாளும் வந்ததில்லையெண்டு சொன்னீங்க."

"ஓம் அக்கா. வந்ததில்லை. ஏன்?"

"இன்னொருக்கா ஆட்டு."

"என்னத்தை அக்கா?"

"தலைய."

அவன் அசையவில்லை. கண் அசைந்தது. அவளுடைய முகத்துக்கு வந்து, உடனே விலகி, வலைக் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. கை மெல்ல எழுந்து தொப்பியின் விளிம்பைப் பிடித்தது.

"கழட்டாத" என்றாள் அக்னெஸ்.

இத்தனை நாளும் 'நீங்க' என்று கூப்பிட்டவள். கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கை பின்னால் போய்ப் பின்கதவைத் தடவியது. பிடிக்க ஒன்றும் இல்லை. வழுவழுத்த குளிர்ந்த தகடு. வலையைத் தள்ளினான். சற்று முன்னர் அவனே உலுக்கிப் பார்த்துத் திருப்திப்பட்ட வலை.

"அக்கா, கதவைத் திறவுங்கோ. எனக்கு உப்பிடி இருக்க ஏலாது. மூச்சு முட்டுது."

"அண்டைக்கு எவ்வளவு நேரம் இருந்தாய்?"

வெளியே காற்று காரைப் பிடித்து ஆட்டியது. தூரத்தில் பனி அள்ளும் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு போனது.

"விடிய ஆறு மணியில இருந்து" என்றான் அரியம்.

அக்னெஸ் கையிலிருந்த சாவியை இறுக்கினாள். குளிர்ந்த இரும்பு தோலில் ஒட்டியது.

ஊகம் பிழைத்துப்போக வேண்டும் என்று அந்தக் கணம்வரை மன்றாடிக்கொண்டிருந்தாள். அவன் மறுத்திருந்தால் நம்பியிருப்பாள். நம்பி, கதவைத் திறந்து, சிந்திய தேத்தண்ணிக்கு மன்னிப்பும் கேட்டிருப்பாள்.

"சிவப்பு இலை போட்ட சட்டை" என்றாள்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"உங்கட வீட்டுக்கு முதல் வந்த நாள். சுவரில படத்தைக் கண்டனான். அப்பவே இறங்கி ஓடியிருக்கவேணும்." அவன் கம்பியை நகத்தால் சுரண்டினான். "மாக்கிரட் தேத்தண்ணி கொண்டுவந்தா. இருந்திட்டன்."

"இருந்து, என்னட்டச் செபமும் படிச்சாய்."

அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"தலையில தண்ணி ஊத்தினா எல்லாம் போயிடுமா எண்டு என்னட்டத்தானே கேட்டாய். என்ன நெஞ்சு உனக்கு."

"வேற ஆரிட்டக் கேக்கிறது?" என்றான் அரியம்.

அவள் வலையில் கையால் அடித்தாள். சத்தம் கார் முழுக்க ஓடியது. அவன் உடனே இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டான். அடி அவனுக்கு எட்டாது. ஆனாலும் சுருண்டான். அந்தச் சுருளல் அவளைத் தடுத்தது. அடி வாங்கிப் பழக்கப்பட்ட ஓர் உடம்பு அது.

"என்னை நாற்பது நாள் வச்சிருந்தவங்கள்" என்றான், முழங்காலுக்குள் இருந்தபடி. "சோதனைச் சாவடியில பிடிச்சது. நாற்பத்தோராம் நாள் விடிய முன்னம் ஏத்தினாங்கள். எங்க போறமெண்டு தெரியாது. இறக்கேக்க, இது மட்டக்களப்பு, இஞ்ச உன்னை ஒருத்தனுக்கும் தெரியாது, பயப்பிடாத எண்டு ஒருத்தன் சொன்னான். பத்துப் பேரெண்டாலும் வேணும். குறைஞ்சா நீயும் லொறியில ஏறு எண்டான்."

"உனக்கு எங்கட ஊரில ஆரத் தெரியும்?"

"ஒருத்தரையும் தெரியாது."

"மறுகா எப்பிடி ஆட்டினாய்? ஆரெண்டு பார்த்து ஆட்டினாய்?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"சொல்லு. என்ட தம்பி உனக்கு என்ன செஞ்சான்? அவன் எந்த இயக்கத்திலயும் இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போனா வீட்டுக்கு வருவான். வீட்டில இருந்தா கோயிலுக்குப் போவான். நூறு பேர் போனாங்க உனக்கு முன்னால. அவன்ட முகத்தில என்னத்தைக் கண்டாய்?"

"குனிஞ்சுகொண்டு போன ஆக்களுக்கு நான் ஆட்டயில்லை அக்கா" என்றான் அரியம். "அவையின்ர முகம் எனக்குத் தெரியயில்லை. தலைமயிர்தான் தெரிஞ்சது. தலைமயிரைப் பார்த்து எப்பிடி ஆட்டுறது? சும்மா இருந்திட்டன். நேரே பார்த்த ஆக்கள்..." நிறுத்தினான். "என்ர கண்ணைப் பார்த்தாங்கள். கண்ணைப் பார்த்தவன் பிறகு எங்கயெண்டாலும் என்னைக் கண்டுபிடிச்சிடுவான் எண்டு பயம் வந்திட்டுது. ஆட்டினன். நேரே பார்த்தவன் எல்லாருக்கும் ஆட்டினன்."

அக்னெஸுக்குக் காது அடைத்தது.

தலையக் குனியாத. நேரே பார்.

பதினெட்டு மாதமாக அந்த வசனத்தை அவள் தன்னுடைய ஒரே ஆறுதலாக வைத்திருந்தாள். தம்பி கள்ளனைப்போல் போகவில்லை, நிமிர்ந்து நின்று போனான் என்று தாய்க்கு எழுதியிருக்கிறாள். அல்பேட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது மட்டும் சொன்னதில்லை. அது பாவமென்று அவளுக்குத் தெரியாது.

வலையின் இந்தப் பக்கம் அவள் குந்தியிருந்தாள், அந்தப் பக்கம் அவன் குந்தியிருந்தான். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இருக்கானா?"

அரியம் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினான்.

"ஒளிக்காமச் சொல்லு. செத்திட்டான் எண்டா செத்திட்டான் எண்டு சொல்லு. அம்மா ஒவ்வொரு திங்களும் சோறு கொண்டு போறா."

"அண்டைக்கு அவனைக் கொல்லயில்லை" என்றான் அரியம். "அதே லொறியிலதான் என்னையும் திருப்பி ஏத்தினவங்கள். முன்சீற்றுக்குப் பின்னால. பதினொரு பேரில அவனை வேறயா இறக்கினாங்கள். அந்தச் சட்டையை ஒருத்தன் கழட்டி எடுத்தான், அதால நினைவிருக்கு. பேந்தும் அவனைக் கண்டனான். மூண்டு மாசம் கழிச்சு. உங்கட அம்மா சோறு கொண்டு போற இடத்தில இல்லை."

"எங்க?"

ஒழுங்கை முனையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பனி நொறுங்கும் சத்தம். அல்பேட்.

"எங்க கண்டாய்? கெதியாச் சொல்லு."

அரியம் இரண்டு கை விரல்களையும் வலைக்குள் விட்டுப் பிடித்தான். குரல் தாழ்ந்தது.

"மாக்கிரட்டுக்குச் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ அக்கா. அவவுக்கு மட்டும் தெரியவேண்டாம். இடம், முகாம், அங்க இருந்த ஆளின்ர பேர், எல்லாம் சொல்லுறன். இல்லாட்டி..." அவனுக்கே அந்தச் சொல் கூசியது. "இல்லாட்டி நான் சொல்லி என்ன பிரயோசனம்."

*

"சக்கைக் கிழவன்" என்றபடி அல்பேட் கதவைத் திறந்தான். "ஒரு மணிக்கு மூண்டு நிமிசம் இருக்கக்குள்ள பலகை போட்டுட்டான். கண்ணாடியில தட்டி, போல்ட்டக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிட்டு வந்திரிக்கன். இறங்கு அக்னெஸ், நான் ஏற."

அக்னெஸ் இறங்கினாள். கால் மரத்திருந்தது. பனியில் கிடந்த போத்தலைச் சுற்றித் தேத்தண்ணி மண்ணிறமாக உறைந்திருந்தது.

"என்ன, தேத்தண்ணியக் கொட்டிட்டாயா?"

"வழுக்கிட்டு."

அல்பேட் சீற்றில் ஏறினான். "தலையப் பிடி மச்சான்." உள்ளிருந்து திருப்புளி நீண்டு போல்டின் தலையைப் பிடித்தது. நீட்டுப் போல்ட் மரக்கட்டையைக் கடந்து வந்தது. நட் ஏறியது. ஸ்பானர் கிறீச்சிட்டது. இடது மேல். வலது மேல்.

அக்னெஸ் வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். உள்ளே இருப்பவனை அடைத்துப் பூட்டுகிற வேலைக்கு அவனே கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

சொன்னால் என்ன நடக்கும்? அல்பேட் அவனை இந்த ஒழுங்கையிலேயே அடித்துக் கொல்வான். அல்லது விட்டுவிடுவான், விட்டால் கோட்-டெ-நெய்ஜ்ஜில் யாராவது கொல்வார்கள். இருபத்திமூன்று வயதில் மாக்கிரட் சிரிப்பதை நிறுத்துவாள். ஸ்ரான்லி இருக்கும் இடம் இவனோடு போய்விடும்.

சொல்லாவிட்டால்? அடுத்த ஞாயிறு அவள் மெழுகுதிரியோடு இவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இவனுடைய பாவங்களை விலக்குகிறாயா என்று சுவாமியார் கேட்க, இவன் சார்பில் அவளும் பதில் சொல்ல வேண்டும்.

"மச்சி."

அண்ணன் மனைவியை அப்படிக் கூப்பிடும் மாக்கிரட் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தாள். விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. காலை வேலை முடிந்து டோர்வலில் இருந்து பஸ் மாறி வருகிறாள். வெள்ளை மேலங்கி குளிர்ச்சட்டைக்குக் கீழே தெரிந்தது. கையில் கடுதாசிப் பை.

"பாண் இருக்கு. சின்னச் சின்ன வட்டப் பாண். அவருக்குப் பிடிக்குமெண்டு எடுத்து வச்சன். எங்க ஆள்?"

"உள்ளுக்குப் பார்" என்றான் அல்பேட், சீற்றிலிருந்து இறங்கியபடி. வலையைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தோடும் இழுத்துக் காட்டினான். கார் ஆடியது. வலை ஆடவில்லை. "இனிச் சிங்கத்தையும் ஏத்தலாம். மச்சான், அங்கால எப்பிடி, கெட்டியா இருக்கா?"

அரியம் தலையை அசைக்கவில்லை. "ஓம்" என்று வாயால் சொன்னான்.

மாக்கிரட் கதவால் எட்டிப் பார்த்தாள். கம்பளித் தொப்பியையும் வலையையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, இதென்ன கோலம். அண்ணா, இவரக் கொண்டுபோய் எந்தப் பண்டகசாலையில விடப்போறீங்க?"

"உன்ட மச்சியிட்டக் கேள். சாவி அவளிட்ட. நான் போய் வந்திட்டன், ஆள இன்னும் திறந்து விடாம வச்சிருக்காள்."

"ஏன் மச்சி?" மாக்கிரட் அக்னெஸின் தோளில் கை போட்டாள். பாண் வாசம் பைக்குள்ளிருந்து வந்தது. "ஞானப் பிள்ளையைப் பிடிக்கல்ல எண்டா இப்பவே சொல்லிடுங்க. நாயோட அனுப்பி வச்சிடுவம். பதினஞ்சு நாள் கழிச்சுச் சொன்னா நான் கேக்கமாட்டன்."

அல்பேட்டும் சிரித்தான். பின்கதவுக்கு வந்து, சாவித்துவாரத்தில் உறைந்திருந்த பனியைச் சாவி போகிற அளவுக்குக் கையுறையால் தட்டிவிட்டான். பிறகு கண்ணாடியையும் தேய்த்தான். பனித் தகடு உடைந்து விழ, உள்ளே கறுப்புத் தலை தெரிந்தது.

"சரி அக்னெஸ், நீயே சொல்லு" என்றான். "நல்லாப் பார்த்துச் சொல்லு. இவன் நம்மட ஆள்தானா? விடலாமா, வேணாமா?"

விளையாட்டுக் கேள்வி. அவனுக்கு அது விளையாட்டு.

அக்னெஸின் கைக்குள் சாவி தோலோடு ஒட்டியிருந்தது. விரலை விரித்தால் தோல் உரியும். மாக்கிரட் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள். அல்பேட் சாவிக்காகக் கையை நீட்டியபடி நின்றான். இருவரும் அவளுடைய தலை அசைவதற்குக் காத்திருந்தார்கள்.

உள்ளே இருந்தவன் தொப்பியைக் கழற்றினான். வியர்த்திருந்தான். அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தான்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அவன் தலையை நிமிர்த்தி அவளை நேரே பார்த்தான்.